பின்பக்கத்து மண்

ஆறே மாதத்தில் வந்துவிடுவதாகச் சொல்லித்தான் ஜெயலட்சுமி கனடாவுக்குப் போனாள். மகள் வைஷ்ணவி அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பேறுகால விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்ப வேண்டிய நேரம், ஆனால் குழந்தையை விட்டுப் போகக் காப்பகத்தில் இடம் கிடைக்கவில்லை. மாப்பிள்ளைக்கு வேறு ஊரில் வேலை, வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவார். அம்மா வந்தால் தேவலை என்று மகள் கேட்டபோது எத்திராஜ்தான் முதல் ஆளாகச் சரி என்றார். அவரையும் சேர்த்துத்தான் கூப்பிட்டார்கள். பெங்களூர் குளிருக்கே மூச்சிரைத்து மப்ளருக்குள் ஒடுங்கிப்போகிற ஆள், பனி கொட்டும் ஊருக்கு எங்கே போவது? "நீ போய்ட்டு வா, வீட்டை நான் பாத்துக்கறேன்" என்று ஏர்போர்ட் வாசலில் சொல்லிவிட்டு, அவள் உள்ளே போய் மறையும் வரை பெட்டி தள்ளும் வண்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார்.

எத்திராஜ் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கிரீஸும் இரும்புக் கயிறும் தெரிந்த கைகள். அல்சூர் ஏரிக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சந்தில் அவர்கள் வீடு. இரண்டு அறை, ஒரு சமையலறை. பின்பக்கம், துணி உலர்த்தும் கொடி போக, ஒரு கட்டிலைப் போட்டால் நிரம்பிவிடுகிற அளவு மண். அந்த மண் ஜெயலட்சுமியுடையது. ஒரு செம்பருத்தி, ஒரு கறிவேப்பிலை, ஒரு வரிசை கனகாம்பரம், வீட்டுச் சுவரைப் பிடித்து ஏறிய முல்லைக்கொடி. சாயங்காலம் அவள் அங்கே குந்திக்கொண்டு ஏதோ கிளறுவாள், எத்திராஜ் உள்ளே செய்தி பார்ப்பார். இத்தனை வருஷத்தில் அங்கே அவர் செய்த ஒரே வேலை குழாய்க்கு வாஷர் மாற்றியது.

அவள் போனபின் தினம் காலையில் தண்ணீர் ஊற்றினார். அதுவரைக்கும் சரியாகத்தான் போயிற்று. கோடை தொடங்கியபோது பின்சுவர் சாய ஆரம்பித்தது. விழுந்தால் அடுத்த வீட்டுக்காரர் தலையில்தான் விழும் என்று கொத்தனார்களைக் கூப்பிட்டு இடித்துக் கட்டினார். அவர்களுக்கு இடம் பற்றவில்லை. சிமெண்டை அந்த மண்ணின் மேலேயே கொட்டிக் குழைத்தார்கள், சட்டி கழுவின தண்ணீரைச் செடிகளின் காலடியிலேயே ஊற்றினார்கள். எத்திராஜ் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். சுவர் நேராக நிற்கிறதா என்பதில்தான் அவர் கண் இருந்தது.

சுவர் நன்றாக வந்தது. கொஞ்ச நாள் கழித்துச் செம்பருத்தி மஞ்சளாகியது. நரம்பு மட்டும் பச்சையாக, மிச்ச இலை முழுக்க வெளிறி. கனகாம்பரம் ஒவ்வொன்றாகத் தலை தொங்கிச் செத்தது. முல்லையில் மொட்டே இல்லை. தண்ணீர் போதவில்லையோ என்று இன்னொரு குடம் ஊற்றினார். ஊற்றின தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல் தரையில் தேங்கி வெயிலில் காய்ந்தது.

தினமும் காலையில் ஜெயலட்சுமி வீடியோவில் வருவாள். அங்கே அப்போது ராத்திரி, குழந்தை தூங்கியிருக்கும். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, செடிங்க எப்படி இருக்குது. இந்த மூன்றும்தான். அவரும் ஆச்சு, போட்டேன், நல்லா இருக்குது என்பார். செடியைக் காட்டச் சொன்னால் பின்னால் சிக்னல் வரவில்லை என்றுவிடுவார். அப்புறம் இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இருக்காது. குழந்தைக்கு ஒரு பல் முளைத்ததையோ அது குப்புற விழுந்ததையோ அவள் சொல்லுவாள். போனை வைத்தபின் வீடு சட்டென்று பெரிதாகிவிட்ட மாதிரி இருக்கும்.

அவள் போவதற்கு முன் மாற்றின கேஸ் சிலிண்டர் தீரவே இல்லை. காபி போட மட்டும் அடுப்பு எரிந்தது. காலை இட்லியும் மத்தியானச் சாப்பாடும் மெட்ரோ ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் ஒரு தர்ஷினி ஓட்டலில், நின்றுகொண்டே. கொடியில் அவர் சட்டைகள் மட்டும் காய்ந்தன. ஒரு நாள் காய்ந்த துணியை மடிக்கும்போது, அவள் புடவையை மடிக்க இன்னொரு முனையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கூப்பிடுவாளே, அந்தக் கூப்பாடு நினைவுக்கு வந்தது. துணியை அப்படியே கட்டில்மேல் போட்டுவிட்டு வெளியே நடக்கப் போய்விட்டார்.

எதிர்வீட்டு அன்னா பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் டீச்சர். ஜெயலட்சுமியிடம் கறிவேப்பிலை பறித்துக்கொள்ள வருகிறவள். அன்றும் பறிக்க வந்தவள் பின்பக்கத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே குனிந்து மண்ணைச் சுரண்டப் பார்த்தாள். நகம் இறங்கவில்லை. தன் வீட்டிலிருந்து ஒரு கிண்ணமும் வினிகர் பாட்டிலும் கொண்டுவந்தாள். எத்திராஜ் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பெயர்த்துக் கொடுத்த மண்ணைக் கிண்ணத்தில் போட்டு வினிகரை ஊற்றினாள். சோடா மாதிரி நுரைத்துப் பொங்கியது.

"சுண்ணாம்பு அங்கிள். சிமெண்ட் முழுக்க உள்ள இறங்கியிருக்கு. இதுல செடிக்கு ஒண்ணுமே எடுத்துக்க முடியாது" என்றாள்.

செடிக்கு ஏதாவது மருந்து இருந்தால் அடித்துவிடலாமா என்று அவர் கேட்டார். மருந்தால் ஆகாது என்றாள் அன்னா. சிமெண்ட் கலந்த மண்ணை எடுத்துப் போட வேண்டும், நல்ல மண் கொண்டுவர வேண்டும், மக்கின உரம் நிறையச் சேர்க்க வேண்டும். அதற்கும் பல மாதம் ஆகும். ஆன்ட்டி எப்போது வருகிறார்கள் என்று கேட்டாள். ஜூலைக் கடைசியில் என்றார் எத்திராஜ். சொல்லும்போதே மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

மறுநாளிலிருந்து வேலையில் இறங்கினார். உளியும் சுத்தியும் வைத்து மேல் ஓட்டை உடைத்தார். அப்பளம் மாதிரி சாம்பல் நிறத்தில் பில்லை பில்லையாக வந்தது. அதற்குக் கீழே செங்கல் துண்டு, ஓட்டுச் சில்லு, கொத்தனார் விட்டுப்போன ஒரு பிளாஸ்டிக் பை. எல்லாவற்றையும் சாக்கில் கட்டி, கட்டட இடிபாடு எடுக்கும் வண்டிக்காரனிடம் கொடுத்தார். முழங்கை ஆழம் போனபிறகுதான் பழைய செம்மண் தெரிந்தது. செம்பருத்திக்கும் கறிவேப்பிலைக்கும் வேரைத் தொடாமல் சுற்றிலும் கையாலேயே சிமெண்டைப் பொறுக்கினார். மூச்சு வாங்கினால் படியில் உட்கார்ந்துகொள்வார். ஓசூர் பக்கத்திலிருந்து ஒரு டெம்போ செம்மண் வந்தது. வெறும் செம்மண் போதாது, அதில் உயிர் இல்லை என்றாள் அன்னா. உரத்துக்கு ஒரு பழைய டிரம்மில் ஓட்டை போட்டு வைத்துக்கொள்ளச் சொன்னாள். சமையலறைக் கழிவைக் காய்ந்த இலையோடு அடுக்கடுக்காகப் போட்டுவந்தால் போதும்.

டிரம்மில் ஓட்டை போடுவது எத்திராஜுக்கு விளையாட்டு. ட்ரில்லை எடுத்து வரிசை பிசகாமல் போட்டார். காய்ந்த இலைக்கும் குறைவில்லை. ஏரிக்கரைச் சாலையைப் பெருக்கும் எல்லம்மாவிடம் கேட்டபோது, நல்லதாப் போச்சு, என் கசா வண்டியில் குப்பைப் பாரம் குறையும் என்று சாக்கு சாக்காகக் கொடுத்துவிட்டுப் போனாள். சிக்கல் வேறு இடத்தில் வந்தது. டிரம்மைத் தயாராக வைத்துவிட்டு, போடுவதற்குக் கழிவைத் தேடிச் சமையலறைக்குப் போனார். அங்கே பில்டர் காபிச் சக்கை ஒரு கைப்பிடி இருந்தது. வேறு ஒன்றுமில்லை. ஒரு தோல் இல்லை, ஒரு காம்பு இல்லை. வெளியே சாப்பிடுகிற ஒற்றை ஆளின் வீட்டில் மக்குவதற்கு என்ன இருக்கும்?

அன்று சாயங்காலம் மார்க்கெட்டுக்குப் போய்க் கீரை, நூக்கோல், சௌசௌ, அவரை என்று பை நிறைய வாங்கிவந்தார். மறுநாள் காலை ஜெயலட்சுமி வீடியோவில் வந்தபோது, அவள் கேள்விகளைத் தொடங்குவதற்கு முன்னாலேயே, சௌசௌ கூட்டுக்குப் பருப்பு எவ்வளவு போடணும் என்று கேட்டார்.

அவள் தன் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்து மறுபடி சொல்லச் சொன்னாள். அவர் சொன்னார். சொல்லும்போது மற்றதும் வெளியே வந்துவிட்டது. சுவர், சிமெண்ட், செத்துப்போன கனகாம்பரம், நுரைத்த கிண்ணம், காலி டிரம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார்.

"உரத்துக்கு ஓசரமா சமைக்கிறீங்க?" என்றாள்.

"வேற இன்னா பண்ண சொல்றே. தோலு வேணுமே."

அவள் சிரித்தாள். குழந்தை எழுந்துவிடும் என்று வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தாள். போனபிறகு அவள் அப்படிச் சிரித்து அவர் பார்க்கவில்லை. அன்று முழுக்க அந்தச் சிரிப்பு அவரோடு வீட்டுக்குள் நடமாடியது. கூட்டில் உப்பு கூடிப்போயிருந்தது. அவருக்கு அது தெரியவே இல்லை.

அதற்கப்புறம் காலைப் பேச்சு நீண்டது. இன்றைக்கு என்ன சமையல், என்ன தோல் விழுந்தது, டிரம்முக்குள் என்ன நடக்கிறது என்று சொல்ல தினமும் ஏதாவது இருந்தது. ஒரு வாரம் டிரம் நாற ஆரம்பித்து வெள்ளைப் புழு நெளிந்தது. பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள். ஈரம் அதிகம், இலை போதாது என்று அன்னா சொன்னதும் இலையை வாரிப்போட்டுக் கிளறினார், நாற்றம் அடங்கியது. இதையெல்லாம் ஜெயலட்சுமி கதை கேட்பதுபோலக் கேட்டாள். குழந்தை விழிக்காமலிருக்க பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். டிரம்மின் நடுவில் கையை விட்டால் கதகதவென்று சுடுகிறது என்று ஒரு நாள் அவர் சொன்னார். போனை அதன் பக்கத்தில் கொண்டுபோகச் சொன்னாள். கொண்டுபோனார். ஆவி லேசாக எழுந்தது. கொஞ்சம் கையில் எடுக்கச் சொன்னாள், எடுத்தார்.

"வாசனை எப்படி இருக்குது?"

எத்திராஜ் மோந்து பார்த்தார். "முதல் மழை பெய்யும்போது நம்ம சந்துல வருமே. அந்த மாதிரி" என்றார்.

"இங்க பதினாலாவது மாடி. மண்ணைத் தொட்டே எத்தினி நாளாச்சு தெரியுமா" என்றாள். பிறகு அவசரமாக, பாப்பா எழுந்துட்டா என்று வைத்துவிட்டாள். குழந்தை அழுத சத்தம் எதுவும் அவருக்குக் கேட்கவில்லை.

ஜூலை வந்தது. கறிவேப்பிலை கொழுந்து விட்டிருந்தது. ஜெயலட்சுமியின் டிக்கெட்டைப் பற்றி யாரும் பேச்செடுக்காததைக் கவனித்தும் கவனிக்காததுபோல இருந்தார் எத்திராஜ். ஒரு நாள் ஜெயலட்சுமிக்குப் பதிலாக வைஷ்ணவி வீடியோவில் வந்தாள். டியூட்டி உடையோடு இருந்தாள், கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. காப்பகத்தில் இன்னும் இடம் வரவில்லை, அம்மாவின் விசாவை நீட்டிக்க மனு போட்டிருக்கிறேன், இன்னும் ஒரு வருஷம் கிடைக்கும்போல என்றாள்.

"அப்பா, உங்களுக்குப் பரவால்லியா?"

"எனக்கு இன்னாம்மா. ஆகட்டும்" என்றார் எத்திராஜ்.

அன்று மத்தியானம் அவர் சமைக்கவில்லை. மறுநாளும் இல்லை. தர்ஷினிக்குப் போய் நின்றுகொண்டு சாப்பிட்டார். டிரம் பக்கம் போகவில்லை. எல்லம்மா வாசலில் வைத்துவிட்டுப் போன இலைச் சாக்கு மழையில் நனைந்து கிடந்தது. பின்கதவைத் திறந்தால் அந்த மண் கண்ணில் படும், அதனால் திறக்கவில்லை. அன்னா ஒருமுறை கறிவேப்பிலைக்கு வந்து, பூட்டியிருந்ததைப் பார்த்து ஒன்றும் கேட்காமல் திரும்பினாள். எதற்கு இவ்வளவு பாடு என்று அவருக்கு அலுப்பாக வந்தது. வருகிறவளுக்காகத்தானே. வருகிறவள் வரவில்லை என்றால் அது சிமெண்டாகவே இருந்துவிட்டுப் போகட்டுமே.

அந்த நாட்களில் ஜெயலட்சுமி கேட்டால் இருக்குது, நல்லா இருக்குது என்று பழைய பதிலையே சொன்னார். அவள் இரண்டு மூன்று முறை விட்டுப் பார்த்தாள். பிறகு ஒரு காலை, டிரம்மைக் காட்டுங்க என்றாள். சிக்னல் இல்லை என்றார். போன வாரம் வரைக்கும் இருந்த சிக்னல் இன்றைக்கு எங்கே போச்சு என்று கேட்டாள்.

"நான் அத பாக்கறதில்ல இப்ப" என்றார்.

"ஏன்?"

அவர் போனைத் தண்ணீர்க் குடத்தின்மேல் சாய்த்துவைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கு முடியல ஜெயா" என்றார். "நீ வந்துடு."

முப்பது வருஷத்துக்கு மேல் ஆன குடித்தனத்தில் அவர் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லவேண்டிய தேவையும் வந்ததில்லை, அவள்தான் எப்போதும் அடுத்த அறையில் இருந்தாளே. அந்தப் பக்கம் ஜெயலட்சுமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க நல்லா இருக்கீங்கன்னு இல்ல நான் நெனச்சேன்" என்றாள் கடைசியில். "சமைக்கறீங்க, மண்ணை வெட்டறீங்க, தெனமும் அவ்ளோ சந்தோஷமா பேசறீங்க. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நீங்க இவ்ளோ பேசி நான் பாத்ததில்ல. நான் இல்லாமலே வீடு நல்லாத்தான் ஓடுது, எதுக்கு அவசரப்படணும்னு தோணிச்சு. வைஷு கேட்டப்ப, சரி இருக்கேன்னுட்டேன். எனக்குந்தான் ஒரு மாதிரி இருந்துச்சு. நம்மள அங்க யாருக்கும் தேவை இல்லியோன்னு."

எத்திராஜுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் போனைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"அத்தினியும் உன்கிட்ட சொல்றதுக்கு ஓசரம்தான் பண்ணேன்" என்றார். "அந்த மண்ணு இல்லன்னா உன்கிட்ட பேச எனக்கு இன்னா இருக்குது?"

இரண்டு பேரும் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அங்கே குழந்தை நிஜமாகவே அழுதது. அவள் போய்த் தூக்கிக்கொண்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள். குழந்தை திரையில் தெரிந்த அவர் மூக்கைத் தொட்டுப் பார்த்தது.

ஜெயலட்சுமி மகளிடம் எப்படிச் சொன்னாள் என்பது எத்திராஜுக்குத் தெரியாது. இரண்டு நாள் கழித்து வைஷ்ணவி கூப்பிட்டாள். நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ப்பா என்றாள். குறையாகச் சொல்லவில்லை, இருந்தாலும் அவருக்கு உறுத்தியது. மகள்மேல் வருத்தமில்லை, குழந்தையை விட்டுவிட்டு அம்மா உடனே ஓடிவரவும் வேண்டாம் என்றார். கடைசியில் மூன்று பேருமாகப் பேசி முடிவுக்கு வந்தார்கள். தை மாதத்துக்குள் காப்பகத்தில் இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஜெயலட்சுமி திரும்புவது. அதுவரைக்கும் மாப்பிள்ளை தன் வேலையை வைஷ்ணவி இருக்கும் ஊருக்கே மாற்றிக்கொள்ளப் பார்ப்பது. ஆறு மாதம் அதற்குள் போய்விடும் என்று மகள் தேற்றினாள். எத்திராஜ் ஆமாம் என்றார். போய்விடும் என்று சொல்வது சுலபம்.

பின்கதவைத் திறந்தார். டிரம்மின் மூடியைத் தூக்கினால், விட்டுவைத்த நாட்களில் அது தன் பாட்டுக்கு வேலையைச் செய்துகொண்டிருந்தது. மேலே காய்ந்திருந்தாலும் அடியில் தோலுமில்லை காம்புமில்லை, காபிப்பொடி நிறத்தில் உதிரியாக ஏதோ ஒன்று. அன்னாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்து பார்த்து, இது ஆயிடுச்சு அங்கிள், போடலாம் என்றாள்.

செம்மண்ணோடு உரத்தைக் கலந்தார். வேப்பம்புண்ணாக்கு கொஞ்சம், தேங்காய் நார்த்தூள் கொஞ்சம். டிரம்மை மறுபடி நிரப்ப அடுப்பை மூட்டினார். இப்போது கூட்டில் உப்பு சரியாக விழுந்தது. ஆகஸ்ட் மழை நின்று நின்று பெய்தது. ஊற்றின தண்ணீர் தேங்கிக் கிடந்த அதே இடத்தில் மழைத்தண்ணீர் விழுந்ததும் காணாமல் போயிற்று. அக்டோபர் வாக்கில் மண்வெட்டி போட்ட இடமெல்லாம் மண்புழு வந்தது. முதல் புழுவைப் பார்த்த காலை அவர் போனில் கத்தாத குறைதான். ஜெயலட்சுமி அதைப் பக்கத்தில் காட்டச் சொன்னாள். நெளிந்து நெளிந்து அது மண்ணுக்குள் போய் மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். செம்பருத்தியில் ஒரு மொட்டும் இருந்தது.

மண் தயாராகிவிட்டது, கனகாம்பர நாற்று வாங்கிவந்து நட்டுவிடட்டுமா என்று அவர் கேட்டார். அன்னாவுக்குத் தெரிந்தவர்களிடம் நல்ல நாற்று இருக்கிறது, நீ வரும்போது பூத்திருக்கும் என்றார்.

அவள் யோசித்தாள்.

"வேணாங்க" என்றாள். "அப்டியே வச்சிருங்க. நான் வந்து நடறேன்."

வெறும் மண்ணை வெயிலில் விடக்கூடாது என்று அன்னா சொல்லியிருந்ததால் அதன்மேல் எல்லம்மாவின் இலைகளைக் கனமாகப் பரப்பினார். தினம் காலையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தார். இலையைக் கொஞ்சம் விலக்கி, விரலை உள்ளே விட்டு, ஈரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி மூடினார். பக்கத்து வீட்டு அம்மாள் புதுச் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்து, இவ்வளவு நல்ல மண்ணை ஏன் சும்மா போட்டு வைத்திருக்கிறீர்கள், ஒரு கீரையாவது விதைக்கலாமே என்று கேட்டாள்.

"அவ வரணும்" என்றார் எத்திராஜ்.

மழை தூற ஆரம்பித்தது. கொடியிலிருந்த சட்டைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பின்கதவை மட்டும் சாத்தவில்லை. நாற்காலியைக் கதவருகில் இழுத்துப் போட்டு, இலைகளுக்குக் கீழே அந்த மண் தண்ணீரைக் குடிக்கிற சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தார்.